இறக்கை வளைந்தால் விமானம் என்ன ஆகும்? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பகுதியில், நீள இறக்கை விமானங்களைக் கட்டுவதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள் பறக்கவிட்டுப் பார்க்கிறார்கள், ஆடினால் அடங்குமா அடங்காதா என்பது அங்கேயே தெரிந்துவிடும் என்று போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இந்த முறை முழுக்க இதையே எடுத்துக்கொள்கிறேன். எல்லாம் நம் பக்கத்துக் கடிதங்கள்தான். மாவட்டத்தை எத்தனை துண்டாகப் பிரித்தாலும் அரக்கோணம் முதல் திருப்பத்தூர் வரை எனக்கு இன்னமும் வடாற்காடுதான், அதனால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதல் தடவையாக வெளிநாட்டு விமானத்தில் போனேன், ஜன்னல் ஓர சீட். மேகத்துக்குள் நுழைந்ததும் இறக்கையின் நுனி மேலும் கீழும் ஆட ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அது உடைந்துவிடாதா?
– தோல் ஏற்றுமதி நிறுவன ஊழியை, ஆம்பூர்

உடையாதும்மா. வளைவதற்காகவே செய்த இறக்கை அது. போயிங் 787 விமானத்துக்கு 2010 மார்ச்சில் ஒரு சோதனை செய்தார்கள். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்ச பாரத்தைப்போல ஒன்றரை மடங்கு பாரத்தை இறக்கையில் ஏற்றினார்கள், நுனி சுமார் 25 அடி மேலே போனது. இரண்டு மாடி வீட்டு உயரம். உடையவில்லை. நீங்கள் பார்த்த ஆட்டம் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

ஆனால் உங்கள் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது, இந்த மாதம் பூராவும் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். இறக்கை உடையாமல் இருந்தால் மட்டும் போதாது. அது வளைந்து ஆடும்போது, கூடவே விமானமும் மூக்கைத் தூக்கி இறக்கி ஆட ஆரம்பித்தால், இரண்டு ஆட்டமும் ஒன்றையொன்று அடக்குமா, இல்லை ஒன்றுக்கொன்று தீனி போட்டு வளர்க்குமா? நிலைத்தன்மை என்று சொல்வது இதைத்தான். உங்கள் விமானத்தில் அது அடங்கியது, அதனால்தான் நீங்கள் ஊருக்கு வந்து கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

சின்ன வயதில் எங்கள் வீட்டு ஓடு அதிர டுபோலெவ் விமானம் தலைக்கு மேல் போகும். இப்போது ராஜாளி கடற்படை விமானத் தளத்தில் இருக்கிற ஆளில்லா விமானத்தின் படத்தைப் பார்த்தால் இறக்கை ஒல்லியாக, நீளமாக, அகப்பைக் காம்பு மாதிரி இருக்கிறது. கெட்டியாகச் செய்தால் என்ன?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், அரக்கோணம்

டுபோலெவ்-142 ராஜாளியிலிருந்து ஓய்வு பெற்றது 2017 மார்ச்சில். அந்தச் சத்தத்தை மறக்க முடியுமா சார்! இப்போது நீங்கள் சொல்வது சீ கார்டியன், 2020 நவம்பரில் குத்தகைக்கு எடுத்துக் கொண்டுவந்தார்கள். இறக்கை நுனிக்கு நுனி 24 மீட்டர்.

ஏன் ஒல்லி என்றால், எரிபொருள் கணக்கு. ஒரு விமானம் தன் எடையைத் தூக்குவதற்காகவே காற்றுக்கு ஒரு கப்பம் கட்டுகிறது. தூக்குவிசை உண்டாகும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வரும் இழுவிசை அது. அதே எடை, அதே வேகம் என்றால் இந்தக் கப்பம் இறக்கையின் நுனிக்கு நுனி நீளத்தின் வர்க்கத்துக்கு எதிராகக் குறையும், அதாவது அந்த நீளத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் கப்பம் கால்வாசிதான். ஒரு நாள் முழுக்கக் கடலுக்கு மேல் சுற்ற வேண்டிய விமானத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? 2015-ல் சூரிய ஒளியிலேயே உலகத்தைச் சுற்றக் கிளம்பி வழியில் அகமதாபாத்திலும் வாரணாசியிலும் இறங்கிய சோலார் இம்பல்ஸ் 2 ஞாபகம் இருக்கிறதா, அதன் இறக்கை 72 மீட்டர், மொத்த எடையே 2,300 கிலோதான். ஒரு பெரிய காரின் எடை.

கெட்டியாகச் செய்யலாம். எடை ஏறும். ஏறிய எடையைத் தூக்க இன்னும் பெரிய இறக்கை, அதற்கு இன்னும் எடை என்று அது முடியாத கதை. ஒல்லியாக விட்டாலும் ஒரு விலை உண்டு. ஒரு பக்கம் பிடித்த மூங்கில் கழியை எடுத்துக்கொள்ளுங்கள், தடிமன் மாற்றாமல் நீளத்தை மட்டும் இரட்டித்தால் அது ஆடுகிற வேகம் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். விர் விர்ரென்று துடித்த கழி, ஊஞ்சல் மாதிரி நிதானமாக ஆட ஆரம்பிக்கும். வம்பு அங்கேதான் ஆரம்பம். சாதாரண விமானத்தில் இறக்கையின் துடிப்பு வேகமானது, விமானம் முழுசாக மூக்கை ஆட்டுவது மெதுவானது, இரண்டும் வேறு வேறு தெருவில் போகும் வண்டிகள், மோதாது. இறக்கை ஒல்லியாக ஒல்லியாக இரண்டும் ஒரே தெருவுக்கு வந்துவிடுகின்றன.

மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் நீளக் கம்பி ஏற்றிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். வால் பக்கம் பத்தடி வெளியே தொங்கும். மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்தில், ஒரு மாதிரி மேடு பள்ளத்தில், கம்பி குதிக்கிற தாளமும் வண்டி குதிக்கிற தாளமும் ஒன்றாகிவிடும், முன் சக்கரமே தரையை விட்டு எழும்பும். ஓட்டுகிறவர் உடனே இறங்கித் தள்ள ஆரம்பித்துவிடுவார். ஆகாயத்தில் இறங்கித் தள்ள முடியாது.

கல்லூரி ப்ராஜெக்டுக்கு வாலில்லாத பறக்கும் இறக்கை ஒன்று செய்தோம், மூன்று மீட்டர், தெர்மோகோல், உள்ளே மெல்லிய கார்பன் குழாய். பேட்டரியும் கேமராவும் நடுவில். எக்ஸ்எஃப்எல்ஆர்5 என்ற விமான வடிவமைப்பு மென்பொருளில் எல்லா மோடும், அதாவது எல்லா வகை ஆட்டமும், ஸ்டேபிள் என்று வந்தது. பாலாற்று மணலில் பறக்கவிட்டோம். முதலில் அழகாகப் போனது. ஒரு காற்று தூக்கியதும் இறக்கை வில் மாதிரி வளைந்தது, மூக்கு ஏறி இறங்கி, ஒவ்வொரு தடவையும் ஆட்டம் அதிகமாகி, கடைசியில் குத்திட்டு விழுந்தது. மென்பொருள் தப்பா, நாங்கள் தப்பா?
– பொறியியல் மாணவர்கள், காட்பாடி

ஆற்றில் தண்ணீர் இல்லாததும் ஒரு நாள் உதவுகிறது பாருங்கள், பேட்டரியாவது நனையாமல் பிழைத்திருக்கும்.

தம்பிகளா, மென்பொருள் தப்பு செய்யவில்லை. நீங்கள் ஒரு விமானத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு இன்னொரு விமானத்தைப் பறக்கவிட்டீர்கள். எக்ஸ்எஃப்எல்ஆர்5 இறக்கையை வளையாத பலகையாகவே எடுத்துக்கொள்ளும். நீங்கள் வரைந்து கொடுத்தது தட்டையான இறக்கை, பறந்தது வில். அந்த வில்லைப் பற்றி யாரும் அதனிடம் எதுவும் கேட்கவில்லை.

வில்லானால் என்ன மாறுகிறது என்று கேட்பீர்கள். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவுங்கள். நேராக வைத்து இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டுங்கள், சுலபமாக உருளும். இப்போது அதையே வில்லாக வளைத்து, நடுவில் பிடித்து உருட்டிப் பாருங்கள். இரண்டு நுனியும் காற்றில் வீசும், விரலுக்குக் கனம் தெரியும். விமானம் மூக்கைத் தூக்குவதும் இறக்குவதும் இந்த உருட்டல்தான், இறக்கை நீளவாக்கில் இருக்கும் அச்சைச் சுற்றி. தட்டையாக இருந்தபோது உங்கள் விமானத்துக்கு இந்தத் திசையில் நிலைமம், அதாவது அசைய மறுக்கும் குணம், ரொம்பக் குறைவு, மூக்கு லேசாக விலகினாலும் சட்டென்று திரும்பி வந்துவிடும். வில்லாக வளைந்ததும் நிலைமம் பல மடங்கு ஏறிவிட்டது, ஆனால் திருப்பிக் கொண்டுவரும் விசை அப்படியேதான் இருக்கிறது. அதோடு நுனிகள் எடை மையத்துக்கு மேலே போய்விட்டன, அங்கே பிடிக்கும் காற்றின் இழுவிசை மூக்கை மேலே தூக்கப் பார்க்கும். போதாக்குறைக்கு மூக்கு ஏறினால் பாரம் ஏறும், பாரம் ஏறினால் இன்னும் வளையும், வளைந்தால் மறுபடி மேலே சொன்ன கதை.

நீங்கள் பார்த்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு பேர் உண்டு, ஃபுகாய்டு. லாஞ்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1908-ல் வைத்தது. பறத்தல் என்பதற்குக் கிரேக்கச் சொல் தேடினார், கிடைத்த சொல்லுக்குத் தப்பி ஓடுதல் என்று அர்த்தம், அப்படியே நிலைத்துவிட்டது. விமானம் உயரத்தை விற்று வேகம் வாங்கும், அப்புறம் வேகத்தை விற்று உயரம் வாங்கும், திரும்பத் திரும்ப. லாஞ்செஸ்டர் கணக்குப்படி ஒரு சுற்றுக்கு ஆகும் நொடி, மீட்டர் கணக்கில் வேகத்தை 0.45-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட வந்துவிடும். விமானத்தின் எடை இதில் வரவே வராது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். உங்கள் விமானம் நொடிக்கு 9 மீட்டரில் போயிருந்தால் ஒரு சுற்று நாலு நொடி. நொடிக்கு 250 மீட்டரில் போகும் ஜெட் விமானத்தில் அது இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, பயணிகளுக்குத் தெரியவே தெரியாது. உங்கள் வீடியோவில் எண்ணிப் பாருங்கள், நாலு நொடிக்குப் பக்கத்தில் வந்தால் ஆள் அவர்தான்.

இனி என்ன செய்யலாம் என்றால், முதலில் இறக்கையை அளந்துவிடுங்கள். நடுவில் கெட்டியாகப் பிடித்து, நுனியில் அரை லிட்டர் பால் பாக்கெட்டைக் கட்டித் தொங்கவிட்டு எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள், விறைப்பு கிடைத்துவிடும். பாக்கெட்டைக் கழற்றி நுனியை இழுத்து விட்டு, போனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். நொடிக்கு 240 படம் எடுக்கும் போனில் ஒரு ஆட்டத்துக்கு 80 படம் ஆனால் 3 ஹெர்ட்ஸ். மூக்கு சட்டென்று தலையாட்டும் வேகமான மோடு ஒன்று எக்ஸ்எஃப்எல்ஆர்5 பட்டியலில் இருக்கும், அதன் அதிர்வெண்ணுக்கும் இதற்கும் நடுவில் குறைந்தது நாலைந்து மடங்கு இடைவெளி இல்லாவிட்டால் நான் பலகைக் கணக்கை நம்ப மாட்டேன். இது என் சொந்த வழக்கம், சட்டமில்லை.

அடுத்தது, செலவில்லாத வேலை. பறக்கும்போது எவ்வளவு வளைகிறது என்பதை உங்கள் படத்திலிருந்தே எடுத்து, இறக்கையைப் பத்து துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் அந்தக் கோணத்துக்குத் தூக்கி, எடைகளையும் அந்தந்த இடத்தில் வைத்து, அதே எக்ஸ்எஃப்எல்ஆர்5-ல் மறுபடி ஓட்டுங்கள். இது பாதிக் கிணறுதான், ஏனென்றால் இப்போதும் அது வளைந்த நிலையில் உறைந்துபோன பலகைதான், ஆடாது. இருந்தாலும் ஃபுகாய்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். முழுக் கிணறும் தாண்ட வேண்டுமென்றால் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஷார்பி என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அது இறக்கையை ஒரு கழியாக எடுத்து, கணுக்கணுவாகப் பிரித்து, ஒவ்வொரு கணுவுக்கும் மூன்று நகர்வு, மூன்று திருப்பம் கொடுத்து, காற்றையும் கூடவே கணக்கிடும். முதலில் ட்ரிம், அதாவது இந்த எடையோடு இந்த வேகத்தில் நேராகப் பறக்க இறக்கை என்ன வடிவத்துக்கு வளையும் என்று கண்டுபிடிக்கும். பாரம் தெரிந்தால்தான் வடிவம் தெரியும், வடிவம் தெரிந்தால்தான் பாரம் தெரியும், அதனால் மாற்றி மாற்றிப் போட்டு இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் நிற்கும். அந்த வளைந்த வடிவத்தைச் சுற்றித்தான் ஆட்டம் அடங்குமா என்று பார்க்க வேண்டும், தட்டை வடிவத்தைச் சுற்றி அல்ல. நீங்கள் தவறவிட்டது இந்த ஒரு படிதான்.

அப்புறம், பேட்டரியையும் கேமராவையும் நடுவில் குவிக்காமல் இறக்கை நெடுகப் பரப்பி வைத்திருந்தால் இந்த அளவுக்கு வளைந்திருக்காது. ஏன் என்று அடுத்த கடிதத்தில் வருகிறது.

ஹீலியோஸ் என்று ஒரு விமானம் வளைந்தே விழுந்தது என்று போன மாதம் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். முழுசாகச் சொல்லுங்கள். அவர்களிடம் கம்ப்யூட்டர் இல்லையா?
– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வாலாஜாபேட்டை

மன்னிக்க வேண்டும் ஐயா, அந்த ஒரு வரி எனக்கே உறுத்தியது.

ஹீலியோஸ், அமெரிக்காவின் நாசாவும் ஏரோவைரன்மென்ட் நிறுவனமும் செய்த சூரிய சக்தி விமானம். வால் இல்லை, உடல் இல்லை, வெறும் இறக்கை. நீளம் 247 அடி, அதாவது 75 மீட்டர். ஆள் கிடையாது. 2001 ஆகஸ்ட் 13-ல் 96,863 அடி உயரம் போய்ச் சாதனை படைத்தது. அந்த விமானத்தில் எடை இறக்கை நெடுகப் பரவியிருந்தது. தூக்குவிசையும் நெடுகத்தான் வருகிறது, ஆகவே ஒவ்வொரு துண்டும் தன்னைத்தானே தூக்கிக்கொண்டது, வளைய வேண்டிய அவசியம் குறைவு.

2003-ல் ராத்திரியிலும் பறக்க வேண்டும் என்று ஹைட்ரஜன் எரிபொருள் கலம் வைத்தார்கள். சுமார் 235 கிலோ பெட்டி ஒன்று நட்டநடுவில், தலா 75 கிலோ ஹைட்ரஜன் தொட்டி இரண்டு நுனிகளிலும். கல்யாண வீட்டில் ஜமுக்காளத்தைச் சுற்றி ஆட்கள் நின்று தூக்கும்போது அதில் பொரி பரப்பியிருந்தால் ஒன்றும் தெரியாது, அதே எடைக்கு ஒரு அம்மிக்கல்லை நடுவில் வைத்தால் எப்படித் தொங்கும்? மொத்த எடை மாறாவிட்டால்கூட, அது இருக்கும் இடம் மாறினாலே வேறு விமானம்.

2003 ஜூன் 26, ஹவாயில் கவாய் தீவு. கிளம்பி அரை மணி நேரம், உயரம் சுமார் 2,800 அடி. காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியதும் இறக்கை வளைந்தது, நுனிகள் நடுவைவிட முப்பது அடிக்கும் மேலே போய், கொந்தளிப்பு விட்ட பிறகும் இறங்காமல் அப்படியே நின்றன. அதற்கப்புறம் காட்பாடி மாணவர்கள் பாலாற்றில் பார்த்ததேதான். மூக்கு ஏறி இறங்கியது, ஒவ்வொரு தடவையும் இரண்டு பங்காக வளர்ந்தது, வேகம் தாங்கும் அளவைத் தாண்டியது, இறக்கையின் மேல் தோல் கிழிந்து பறந்து, மிச்சம் கடலில்.

கம்ப்யூட்டர் இருந்தது ஐயா. விசாரணை அறிக்கை சொன்னது, எடையை மாற்றி வைத்ததால் வரும் ஆபத்தைச் சரியாக எடைபோடும் கணக்கு முறை அவர்களிடம் இல்லை என்று. என்னைக் கேட்டால் இது பல இடங்களில் இருக்கும் வியாதி. இறக்கை வளைவதைக் கணக்கிடும் அறை ஒன்று, விமானம் எப்படிப் பறக்கும் என்று கணக்கிடும் அறை இன்னொன்று. முதல் அறை விமானத்தைச் சுவரில் அடித்த ஆணி மாதிரி நிறுத்தி வைத்துக்கொண்டு இறக்கையை மட்டும் ஆட்டிப் பார்க்கும், இரண்டாவது அறை இறக்கையைப் பலகையாக்கி விமானத்தை மட்டும் ஆட்டும். இரண்டு அறையும் பத்திரம் என்று கையெழுத்துப் போடும். நடுவில் இருக்கும் சந்தில் விமானம் விழும். கட்டமைப்பு, காற்று, கட்டுப்பாடு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து நொடிக்கு நொடி ஓட்டிப் பார்க்கும் முறை வேண்டும் என்பது அந்த அறிக்கையின் முதன்மையான பரிந்துரைகளில் ஒன்று. அதற்குப் பிறகுதான் இந்தத் துறையே சூடு பிடித்தது. மயூரேஷ் பாட்டீல், டூயி ஹாட்ஜஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட கணக்கு ஒன்றில், இதே மாதிரி ஒரு இறக்கையின் நடுவில் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனார்கள், வளைவு அதிகமாகி ஒரு கட்டத்தில் ஃபுகாய்டு அடங்காத பக்கத்துக்குத் தாண்டிவிட்டது. தட்டை வடிவத்தை வைத்துக் கணக்கிட்டால் அது கண்ணிலேயே படாது.

எக்செல்லில் ஒரு ஸ்பிரிங்கும் எடையும் போட்டு நானே சிமுலேஷன் செய்து பார்த்தேன். உராய்வு சைபர். ஆட்டம் ஒரே அளவில் இருக்க வேண்டும், ஆனால் வளர்ந்துகொண்டே போகிறது. சூத்திரத்தைப் பத்து தடவை சரிபார்த்துவிட்டேன். பேய் புகுந்துவிட்டதா?
– கணக்காளர், இராணிப்பேட்டை

இந்த மாதத்தின் சிறந்த கேள்வி. பேய் இல்லை, ஆய்லர். அந்தக் கணித மேதையின் பேரில் வழங்கும் கணக்கு முறைதான் இது.

நீங்கள் அனுப்பிய தாளில் ஒவ்வொரு வரியிலும் பழைய இடத்தை வைத்துப் புதிய வேகத்தையும், பழைய வேகத்தை வைத்துப் புதிய இடத்தையும் போட்டிருக்கிறீர்கள். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வளைவான பாதையில் ஒவ்வொரு அடியும் தொடுகோட்டு வழியே நேராக வைத்தால், ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் வெளியே போவீர்கள். தேர் திருப்பத்தில் கட்டை போடாமல் இழுத்தால் என்ன ஆகும், அதேதான். உங்கள் ஸ்பிரிங் நொடிக்கு ஒரு ஆட்டம், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் வைக்கும் அடி 0.01 நொடி. கணக்குப் பார்த்தால் ஒரு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 22 சதவீதம் வளரும். பத்து ஆட்டத்தில் ஏழு மடங்கு! இயற்கையில் இல்லாத வளர்ச்சி, முழுக்க எண்கணிதத்தின் கைவரிசை.

ஒரே ஒரு செல்லை மாற்றுங்கள். முதலில் வேகத்தைப் புதுப்பித்துவிட்டு, அந்தப் புதிய வேகத்தை வைத்து இடத்தைப் போடுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். ஆட்டம் ஆயிரம் சுற்று ஆனாலும் அளவு மாறாது.

இதற்கு நேர் எதிரான தப்பை நானே செய்திருக்கிறேன், அது இதைவிட மோசம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெங்களூரில் ஒரு அலுவலகத்தில், ஒரு நெகிழ் இறக்கையை ஓட்டிப் பார்த்து, எல்லா வேகத்திலும் ஆட்டம் அழகாக அடங்குகிறது என்று வண்ண வண்ணமாக வரைபடம் எடுத்துக்கொண்டு மூத்தவரிடம் போனேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. "காற்றை எடுத்துடு, டேம்பிங்கை சைபர் ஆக்கு, நுனியை இழுத்து விட்டுட்டு வா" என்றார். செய்தேன். காற்றும் இல்லை, உராய்வும் இல்லை, இறக்கை ராத்திரி பூரா ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். என்னுடையது பத்து ஆட்டத்தில் தூங்கிவிட்டது. நான் எடுத்திருந்த கணக்கு முறை ஒவ்வொரு அடியிலும் சக்தியைக் கள்ளத்தனமாகத் தின்றுகொண்டிருந்தது. நிஜத்தில் அடங்காத விமானத்தைக்கூட அது அடங்கும் என்றே காட்டியிருக்கும். உங்களுடைய தப்பு கத்திச் சொல்லிவிடும், என்னுடையது சிரித்துக்கொண்டே இருக்கும். அன்றிலிருந்து எந்தப் புதிய மென்பொருளைத் திறந்தாலும் முதலில் காற்றைப் பிடுங்கிவிடுவேன்.

அமெரிக்காவில் பாலம் ஒன்று காற்றில் ஆடி விழுந்ததே, அதுவும் இதுவும் ஒன்றா?
– பிளஸ் டூ மாணவி, குடியாத்தம்

டகோமா பாலம், 1940 நவம்பர் 7. ஒரே குடும்பம்தான். ஆனால் உன் புத்தகத்தில் அதை ஒத்ததிர்வு என்று போட்டிருந்தால் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வை. ஒத்ததிர்வு என்றால் வெளியே யாரோ தாளம் தட்ட வேண்டும், ஊஞ்சலைத் தள்ளுகிற அண்ணன் மாதிரி. அன்றைக்கு அடித்தது கிட்டத்தட்ட சீரான காற்று. பாலம் முறுகியதால் காற்றின் விசை மாறியது, மாறிய விசை இன்னும் முறுக்கியது, தாளத்தைப் பாலமே போட்டுக்கொண்டது. இதைத்தான் விமானக்காரர்கள் ஃப்ளட்டர் என்கிறார்கள். பரீட்சையில் மட்டும் புத்தகத்தில் உள்ளதையே எழுதிவிடு கண்ணு.

ஆட்டோபைலட் போட்டு அடக்கிவிட முடியாதா? இத்தனை கணக்கு எதற்கு?
– செல்போன் கடை உரிமையாளர், ஆரணி

அடக்கலாம், அடக்க முயற்சியும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. எக்ஸ்-56ஏ என்று 28 அடி இறக்கையுள்ள ஆளில்லா விமானம் ஒன்றை இதற்கென்றே செய்து 2013-ல் பறக்கவிட்டார்கள். விறைப்பான இறக்கை ஒரு செட், வேண்டுமென்றே ஃப்ளட்டர் வரும்படி செய்த நெகிழ் இறக்கை மூன்று செட், கழற்றி மாட்டலாம். ஆபத்துக்குப் பாராசூட்டும் உண்டு. 2015-ல் நெகிழ் இறக்கையோடு கிளம்பிய ஒன்று விழுந்து நொறுங்கியது, அவ்வளவு சுலபமில்லை என்பதற்குச் சொல்கிறேன்.

சிக்கல் தாமதத்தில் இருக்கிறது. சென்சார் ஆட்டத்தைப் பார்த்து, கம்ப்யூட்டர் யோசித்து, மோட்டார் இறக்கையின் மடலை அசைப்பதற்குள் ஆட்டம் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். ஊஞ்சலை நிறுத்தப் போய் அரை நொடி பிந்திக் கையை வைத்தால் நிறுத்துவதற்குப் பதில் தள்ளிவிடுவோமே, அப்படி. ஆட்டோபைலட்டுக்கு எந்த ஆட்டம் எப்போது வரும் என்று முன்னாலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க அந்தக் கணக்குதான் வேண்டும். உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது.

ஏலகிரியில் பறக்கிறார்களே பாராகிளைடர், அது முழுக்கத் துணி. அதைவிட நெகிழ்வான விமானம் உண்டா?
– சுற்றுலா வழிகாட்டி, திருப்பத்தூர்

இல்லை. அதில் எடை பல அடிக்குக் கீழே தொங்குகிறது, அதனால் ஊசல் மாதிரி தானாக நடுவுக்கு வந்துவிடுகிறது. துணி மடங்கினால் மட்டும் கதை வேறு.

காத்தாடிக்கு வால் ஒட்டாமல் பறக்கவிட முடியுமா? வால் எப்போதும் கரண்ட் கம்பியில் மாட்டிக்கொள்கிறது.
– ஆறாம் வகுப்பு மாணவன், சத்துவாச்சாரி

முடியும் கண்ணு, அதற்கும் இந்த மாதக் கதையே போதும். குறுக்குக் குச்சியின் இரண்டு முனையையும் பின்பக்கமாக ஒரு நூலால் இழுத்துக் கட்டி, குச்சியை வில்லாக வளைத்துவிடு. வளைந்த முதுகு காற்றைப் பார்த்து இருக்க வேண்டும். காத்தாடி ஒரு பக்கம் சாய்ந்தால், சாய்ந்த பக்கத்துச் சிறகு காற்றுக்கு நேராகத் திரும்பி அதிகம் பிடிக்கும், மறுபக்கம் குறைவாகப் பிடிக்கும், தானாக நிமிர்ந்துவிடும். வேகமாகக் காற்று அடித்தால் மெல்லிய குச்சி இன்னும் கொஞ்சம் வளைந்துகொடுக்கும், அதுவும் நல்லதுக்குத்தான். ஹீலியோஸைக் கவிழ்த்த அதே வளைவு இங்கே உனக்கு வேலை செய்கிறது, ஏனென்றால் அது கவிழ்ந்தது மூக்குப் பக்கம், நீ கவலைப்படுவது பக்கவாட்டில்.

நூலை எவ்வளவு இழுப்பது என்றால், குச்சியின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு வளைவு வைத்து ஆரம்பித்துப் பார். குட்டிக்கரணம் அடித்தால் இன்னும் கொஞ்சம் இழு. கரண்ட் கம்பி இல்லாத மைதானமாகப் பார்த்துப் போ. மாஞ்சா மட்டும் தொடவே கூடாது, சாதா நூலே போதும்.